ஒரு முறை சின்னது, ஒரு முறை மற்றது

ஏப்ரல் 9, புதன்

தினமும் எழுத வேண்டுமாம். ரெஹானா மேடத்தின் உத்தரவு. மேடம் ஈரோட்டு மருத்துவமனையில் எனக்கு மூளைப் பயிற்சி கொடுக்கும் சைக்காலஜிஸ்ட். பாலிடெக்னிக்கில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய எனக்கு இப்போது வீட்டுப்பாடம்.

போன நவம்பரில் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். மூளையின் முன்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். பேச்சு, நடை, எழுத்து, நடத்திய பாடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இன்று மேடம் மேசைமேல் ஒரு பலகையை வைத்தார். மூன்று குச்சி, முதல் குச்சியில் நான்கு மர வட்டு. பெரியது அடியில், சின்னது உச்சியில். அடுக்கை அப்படியே மூன்றாவது குச்சிக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டுதான் எடுக்கலாம். சின்னதன்மேல் பெரியது உட்காரக் கூடாது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம் இது. இதற்குப் புரோகிராம் நாலே வரி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

முடிக்கவில்லை. அந்த அறையில் மின்விசிறி கடகடவென்று ஒரே சத்தம். திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி கோகிலாவிடம் அதைச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தாள். பிறகு எங்கள் ஊர் கோபி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மச்சான் வந்திருந்தார். கோகிலாவின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி. தாராபுரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறார். எங்கள் மகள் மிதுனாவுக்குப் பலாச்சுளை வாங்கி வந்தார். எனக்கு ஒரு குண்டு கொண்டு வந்தார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. கோகிலாவுக்கு மே மாசத்தோட லீவு முடியுது. அவ பேங்க்குக்குப் போயிட்டா, புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து அவ வர்ற வரைக்கும் உங்ககூடத் தனியா இருக்கோணும். நல்லாவா இருக்குது?"

"என் புள்ள எங்கூட இருக்கறதுல என்னங்க மச்சான் நல்லால்லாமப் போச்சு?"

"நான் வேணும்னா சொல்றன்? ரெஹானா மேடம் மே கடைசில டெஸ்ட் வெச்சுச் சொல்லுட்டும். தனியா இருக்கலாம்னு சொன்னா நான் வாயே தொறக்கல. இல்லீன்னா மிதுனாவுக்கு டிசி வாங்கி எங்கூடக் கூட்டீட்டுப் போறன். எம் புள்ளைங்களோட ஒண்ணாப் படிக்கட்டும்."

கோகிலா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அண்ணனும் தங்கையும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். மிதுவுக்கு ஆறு வயது. அவள் இல்லாத வீட்டில் நான் எதற்கு?

ஏப்ரல் 12, சனி

பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பாழ். கோகிலா முன்போல் எதையும் கவனிப்பதில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கோகிலா மாங்காய்ப் பச்சடி செய்துகொண்டிருந்தாள். நான் அலமாரியிலிருந்து எவர்சில்வர் டப்பா மூடிகளை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். பருப்பு டப்பா மூடி, சர்க்கரை மூடி, காபித்தூள் மூடி, பெருங்காய மூடி. குச்சிகளுக்குப் பதில் மூன்று டைல்ஸ் கல்.

மிதுவுக்கு விதி உடனே பிடிபட்டுவிட்டது. "பெருங்காயத்து மேல பருப்பு உக்காரக் கூடாது, நசுங்கிப் போயிரும்" என்றாள்.

காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு மூடி முடிகிறது. மூன்றாவது சேர்ந்தால் முடியவில்லை. கோகிலா மூடி இல்லாத டப்பாக்களைத் தட்டுகளால் மூடி வைத்துக்கொண்டே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

இந்தப் பக்கத்தை மேடத்திடம் காட்டப் போவதில்லை.

அந்த நாலு வரிப் புரோகிராமை லேப்டாப்பில் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழையில்லை. ஓட்டினால் கண் இமைப்பதற்குள் விடை. நான் எழுதிய புரோகிராம் செய்வதை என்னால் செய்ய முடியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு.

ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. அது ரிகர்ஷன் முறை. நான்கை மாற்ற வேண்டுமானால் மேலிருக்கும் மூன்றை முதலில் நடுவில் ஒதுக்கு. மூன்றை ஒதுக்க இரண்டை ஒதுக்கு. இரண்டை ஒதுக்க ஒன்றை. ஒவ்வொரு வேலையும் பாதியில் நின்று, உள்ளே போன வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கும். கம்ப்யூட்டர் அந்தப் பாதி வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். என் தலையில் அந்த அடுக்கு இருந்த இடத்தைத்தான் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே இறங்குகிறேன், எதற்காக இறங்கினேன் என்பது தெரிவதில்லை. கையில் காபித்தூள் மூடியோடு கூடத்தின் நடுவில் நிற்கிறேன்.

பயமாக இருக்கிறது. சாவுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

ஏப்ரல் 19, சனி

பால் பொங்கி வழிந்திருந்தது. யார் அடுப்பை நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. கோகிலா குளித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 23, புதன்

கிடைத்துவிட்டது!

இதே புதிருக்கு இன்னொரு வழி உண்டு. சிலபஸில் ரிகர்ஷனுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும். லூப் முறை. பரீட்சைக்கு வராது என்று நான் பையன்களிடம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். லூப்புக்கு அடுக்கு வேண்டாம், ஞாபகம் வேண்டாம், முன்யோசனையும் வேண்டாம். சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்தால் போதும்.

ஒரு முறை, சின்ன வட்டை அடுத்த குச்சிக்கு மாற்று. எப்போதும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். அடுத்த முறை, சின்னதைத் தொடாதே. மற்ற இரண்டு குச்சிகளுக்கு நடுவில் விதிப்படி ஒரே ஒரு நகர்த்தல்தான் சாத்தியம், அதைச் செய். மறுபடி சின்னது. மறுபடி மற்றது. அடுக்கு ஒரு குச்சியில் முழுதாக ஏறியதும் நிறுத்து.

புரோகிராம் எழுதி மூன்று வட்டுக்கு ஓட்டினேன். எல்லா நகர்த்தலும் சரி, ஆனால் அடுக்கு முழுசாக நடுக்குச்சியில் போய் உட்கார்ந்தது. பழனிக்குப் போகிற பஸ் என்று ஏறி பவானியில் இறங்கின மாதிரி. அப்புறந்தான் பிழை தெரிந்தது. வட்டுகள் இரட்டைப்படை என்றால் சின்னது வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கமாக. தொடங்கும்போது எண்ணிக்கொண்டால் போதும்.

எந்த முறை யாருடையது என்பது மட்டும் மறக்கிறது. அதற்கும் வழி செய்துவிட்டேன். சின்னதை இடக்கையால் எடுப்பேன், மற்றதை வலக்கையால். எடுத்து வைத்த கையை மேசைமேலேயே விட்டுவிடுவேன். மேசைமேல் எந்தக் கை இருக்கிறதோ அதற்கு ஓய்வு, அடுத்தது மற்ற கை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பால்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். மிது நாய்க்குட்டி பின்னால் ரோட்டுவரை போய்விட்டாளாம். எதிர்வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மூடிகளோடு உட்கார்ந்திருந்தேன். பால்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று கோகிலா சொல்கிறாள். யாரோ திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

நான்கு மூடி. பிறகு ஐந்து, அஞ்சறைப் பெட்டி மூடியையும் சேர்த்து. கை தானாக ஓடுகிறது. கோகிலா துணி காயப் போட்டுவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நீங்களாவா பண்ணுனீங்க?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பண்ணீட்டுப் போனாரு."

அவள் ஈரக் கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டாள். தையல் போட்ட இடத்தில் அவள் கன்னம் பட்டது. அவள் அழுது ரொம்ப நாளாயிற்று. கையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அவள் நம்பட்டும். நானும் கொஞ்ச நேரம் நம்பினேன்.

மே 21, புதன்

டெஸ்ட். கோகிலாவும் மச்சானும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள்.

மேடம் நான்கு வட்டு வைத்தார். எண்ணினேன். இரட்டைப்படை, வலப்பக்கம். இடது, வலது, இடது, வலது. நிற்காமல் முடித்தேன்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். "எப்படி யோசிச்சீங்க, சார்?"

"மொதல்ல மூணை ஒதுக்கோணும்னு பிளான் பண்ணுனனுங்க மேடம். அதுக்கு ரெண்டை ஒதுக்கோணும்." போர்டு முன்னால் நின்று சொல்வதுபோல் ரிகர்ஷனை முழுசாகச் சொன்னேன். அந்தப் பாடம்தான் இன்னும் வாயில் இருக்கிறதே. ஒரு வார்த்தை பிசகவில்லை. ஒரு வார்த்தையும் உண்மையில்லை.

மற்ற டெஸ்ட்டுகள் சுமார்தான். இருந்தாலும் மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். மாலை நேரத்தில் தனியாக இருக்கலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். "ஆனா ஒண்ணு சார். வழக்கத்துக்கு மாறா எது நடந்தாலும், சின்ன விஷயமா இருந்தாலும், உடனே உங்க வைஃபுக்கு போன் பண்ணணும். நீங்களா சமாளிக்கக் கூடாது."

மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாப்ள, நான் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்ததால்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

ஜூன் 2, திங்கள்

கோகிலா வேலைக்குப் போனாள். மிதுவுக்கும் பள்ளி திறந்துவிட்டது. மூன்றரைக்கு வேன் வரும், ஆறரைக்குக் கோகிலா வருவாள். கேஸைக் கோகிலா பூட்டிவிட்டுப் போகிறாள். சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

வீட்டையும் லூப்பில் போட்டுவிட்டேன். ஒரு முறை சின்னது, ஒரு முறை மற்றது. ஒரு முறை மிது, ஒரு முறை வீடு. மிதுவிடம் போய் என்ன தேவையோ அதைச் செய்வது. பிறகு வீட்டில் ஒரு வேலை. பிறகு மறுபடி மிது. அவளை மறக்கவே முடியாது.

ஜூன் 5, வியாழன்

நன்றாக ஓடுகிறது. மிதுவுக்கு இன்று மூன்று தடவை தலை வாரினேனாம். "போதும்ப்பா, முடி கொட்டிப் போயிரும்" என்கிறாள். கோகிலா வந்ததும் மிது அவளிடம் எதுவும் சொல்லாமல் ரிப்பனை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். கள்ளி.

ஜூன் 11, புதன்

பதினோரு மணிக்கே வேன் வந்தது. மிதுவுக்குக் காய்ச்சலாம். வேனில் வரும் அக்கா இறக்கிவிட்டு, "அம்மாவுக்குச் சொல்லீருங்க சார்" என்று சொல்லிப் போனார்.

போனைக் கையில் எடுத்தேன். கோகிலா பாதி நாளில் ஓடி வருவாள். மச்சானுக்குத் தெரியும். ஒரு காய்ச்சலுக்கே ஆள் கூப்பிடுகிறான் என்பார். டிசி பேச்சு மறுபடி வரும். போனை வைத்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளத் தெரியாத அப்பனா நான்? ஒரு முறை மிது, ஒரு முறை வீடு.

மிது: நெற்றி சுடுகிறது. காய்ச்சல் சிரப் கொடுத்தேன்.

வீடு: துணி மடித்தேன்.

மிது: நெற்றி சுடுகிறது. சிரப் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள்.

வீடு: ரசஞ்சோறு பிசைந்து வைத்தேன்.

மிது: சோறு வேண்டாம் என்கிறாள். நெற்றி சுடுகிறது. சிரப் ஊற்றினேன். "அப்பா..." என்று ஆரம்பித்தாள். என்ன சாமி என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்று வாயைத் திறந்தாள். நல்ல பிள்ளை.

வீடு: மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். நிறுத்தியும் விட்டேன்.

மிது: வாந்தி எடுத்துவிட்டாள். துடைத்துச் சட்டை மாற்றினேன். நெற்றி சுடுகிறது. சிரப் கொடுத்தேன். பாட்டிலில் அடியில்தான் இருந்தது. கோகிலா ஒரு புது பாட்டில் வாங்கி வைக்கக் கூடாதா?

வீடு: கூடம் பெருக்கினேன்.

இன்று ஒரு முறைகூடப் பிசகவில்லை. கோகிலா வந்ததும் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. நேற்று வேலை முடிந்து வந்த கோகிலா காலி பாட்டிலைப் பார்த்ததும் மிதுவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். மிதுவுக்கு ட்ரிப்ஸ் ஏறுகிறது. மருந்து அளவுக்கு மீறிப் போய்விட்டது, ஈரலைத் தாக்கும் என்கிறார்கள். முறிவு மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நேற்று டியூட்டி டாக்டர் கேட்டார், எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று. ஒரே தடவை என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கோகிலா காலி பாட்டிலைக் காட்டினாள். "ஞாயித்துக்கெழமதாங்க புதுசா வாங்கினன். ஒடைக்கவே இல்ல." யாரோ கொட்டியிருப்பார்கள் என்று நான் சொன்னேன்.

டாக்டர் மிதுவிடம் குனிந்து கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கோகிலா அந்தக் கையை வெளியே எடுத்து, "சாமி, அம்மாவுக்குச் சொல்லு" என்று கெஞ்சினாள்.

நான்கு விரல்.

"முன்னாடியே குடிச்சுட்டேன்னு அப்பாகிட்ட ஏஞ் சொல்லல கண்ணு?" என்றாள் கோகிலா.

"சொன்னா அப்பாவுக்கு இன்னும் சரியாகலன்னு தெரிஞ்சுரும். மாமா என்னையக் கூட்டீட்டுப் போயிருவாரு. அப்புறம் அப்பாவுக்கு ஆரு அடுப்பு நிறுத்தறது?"

ஏப்ரலிலிருந்து அவள்தான் நாற்காலி போட்டு ஏறி அடுப்பை நிறுத்தியிருக்கிறாள். கேட்டைத் திறந்துவிட்டு வந்தவனும் நான்தான், அவள் வெளியே போனதே அதைச் சாத்தத்தான் என்று இப்போதுதான் சொல்கிறாள். நாய்க்குட்டி என்றது எனக்காகச் சொன்ன பொய். நான் அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றைய பக்கத்தை நான் படிக்க மாட்டேன். படிக்கத் தைரியமில்லை.

ஜூன் 14, சனி

ஈரல் தப்பிவிட்டது. காலையில் டாக்டர் சொன்னார். கோகிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மிது இட்லி கேட்டாள்.

மத்தியானம் ரெஹானா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இடக்கை, வலக்கை, லூப், சொன்ன பொய். கேட்டு முடித்ததும் மேடம் சொன்னார்:

"வட்டு அடுக்கை மாத்தத் தெரியுமான்னு நான் பாக்கலை, சார். நடுவுல நிறுத்தி, இதுவரைக்கும் என்ன பண்ணினோம்னு திரும்பிப் பாக்க முடியுதான்னு பாத்தேன். உங்க கையை நானும் பாத்தேன். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். என் தப்பும் இருக்கு."

அவர் தப்பு ஒன்றுமில்லை. டெஸ்ட்டுக்கு நான் போகவில்லை, ஒரு லூப்பை அனுப்பி வைத்தேன். லூப் பாஸாகிவிட்டது. பிறகு அதன் கையில் என் பிள்ளையைக் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோகிலா வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறாள். கூடாது என்றேன். இப்போது வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஆள் வராத நாளில்? ஆள் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில்? ஆள் இருந்தாலும் மிதுதான் என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்பாள். ஆறு வயதில் அவளுக்கு அந்த வேலை வேண்டாம்.

"நீங்களா சொல்றீங்க?" என்றாள் கோகிலா. "அவ இல்லாம நீங்க இருப்பீங்களா?"

இருக்க மாட்டேன் என்றுதான் வாய்வரை வந்தது. மாத்திரை போட்டுக்கொள்கிறவனைப் போல விழுங்கினேன். போனை எடுத்து நானே மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், வந்து கூட்டீட்டுப் போங்க."

அந்தப் பக்கம் அவரும் அழுதார். பெரிய மனுஷன், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜூன் 18, புதன்

மிதுவின் துணிகளைக் கோகிலா எடுத்து வைத்தாள். பள்ளியில் டிசி வாங்கியாகிவிட்டது. மச்சான் காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். பின் சீட்டில் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் மிதுவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலையிலிருந்து மிது என்னிடம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். செருப்பு மாட்டிவிடக் குனிந்தபோதுதான் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன்.

"அப்பா."

"சொல்லு சாமி."

"நான் டாக்டர்கிட்ட நாலுன்னு காட்டினதுனாலயா?"

இத்தனை நாளாக இந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதாக, அதற்குத் தண்டனையாக அனுப்புகிறார்களென்று.

"இல்ல சாமி. நீ சொன்னதுதான் சரி. நீ மட்டுந்தான் சரியாச் சொன்ன."

அவள் நம்பவில்லை. கார் கதவுவரை வந்து, ஏறாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாஞ் சொல்லாம இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பன்லப்பா?"

"இருந்திருக்க மாட்ட சாமி" என்றேன்.

எப்படியும் தாராபுரம் போகத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று நான் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கலாம் என்று மாமாவிடம் சொன்னாள்.